பிபி ஏறுவதற்கு எலும்பில் கிடக்கும் காரீயமும் ஒரு காரணம்

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது, அது வேறு உலோகம் (கலப்படச் சொம்பில் காரீயமும் சேர்ந்து வரும், அதனால் பார்த்து வாங்குங்கள்). நான் சொல்ல வந்தது காரீயத்தைப் பற்றி, ஆங்கிலத்தில் லெட் (lead) என்பார்கள். பழைய பெயிண்டிலும் வண்டி பேட்டரியிலும் இருக்கிறது, ஒரு காலத்தில் பெட்ரோலிலும் இருந்தது.

காரீயத்தைப் பல இடங்களில் நம் உடம்பு கால்சியம் என்றே எடுத்துக்கொள்கிறது. அதனால் கால்சியம் போய்ச் சேருகிற எலும்பிலேயே அதுவும் போய்த் தங்கிவிடுகிறது. பெரியவர்கள் உடம்பில் இருக்கிற காரீயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான். ரத்தத்தில் உள்ளது சுமார் ஒரு மாதத்தில் பாதியாகிவிடும், எலும்பில் உள்ளது குறையப் பத்து, இருபது வருடம்கூட ஆகும், அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குள் கசிந்துகொண்டே இருக்கும்.

சரி, இதற்கும் பிபிக்கும் என்ன தொடர்பு? ரத்தக் குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது, குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துவது அதன் வேலை. காரீயம் வந்தால் செல்களுக்குள் ஃப்ரீ ராடிக்கல்கள் (பக்கத்தில் இருப்பதைத் தாக்கிச் சிதைக்கும் மூலக்கூறுகள்) பெருகி அந்த வாயுவை அழித்துவிடுகின்றன, தசை இறுகுகிறது, குழாய் சுருங்குகிறது. சிறுநீரகமும் பாதிக்கப்படும், அங்கிருந்தும் அழுத்தம் ஏறும்.

அமெரிக்காவின் பாஸ்டனில் வயதான ஆண்களின் எலும்பில் எவ்வளவு காரீயம் இருக்கிறது என்று எக்ஸ்ரே முறையில் அளந்து பார்த்தார்கள். 1996இல் வந்த முடிவு என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது: உயர் ரத்த அழுத்தத்தோடு ஒத்துப்போனது எலும்பில் இருந்த அளவுதான், ரத்தத்தில் இருந்த அளவு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும்போது ரத்தத்தில் காரீயம் கூடுவதும் இப்படி எலும்பில் அது தங்கியிருப்பதால்தான்.

ஒரு ஆளுக்கு ஏறுகிற அழுத்தம் பெரும்பாலும் சிறியதுதான், ஆனால் ஊரே சுவாசித்த விஷயம் இது. அமெரிக்காவில் காரீயப் பெட்ரோலைக் குறைத்த காலத்தில், 1970களின் கடைசியிலிருந்து 1991க்குள், மக்கள் ரத்தத்தில் காரீயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு 12.8 மைக்ரோகிராமிலிருந்து 2.8க்கு இறங்கியது. இந்தியா அந்தப் பெட்ரோலை 2000இல்தான் நிறுத்தியது. அதற்கு முன்பு நகரத்தில் வளர்ந்தவர்கள் அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள்தான்.

அதனால் பேட்டரி பட்டறையிலோ பெயிண்ட் சுரண்டும் வேலையிலோ இருந்தவர்கள், விட்டுப் பல வருடம் ஆகியிருந்தாலும், பிபி பார்க்கும் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். இன்றைய ரத்தப் பரிசோதனை அந்தப் பழைய கதையை முழுதாகக் காட்டாது.