சிக்கிள் செல் நோய்க்கும் மாற்றுத்திறனாளி அட்டை உண்டு: கூடலூர், பந்தலூர் பகுதிக்கு ஒரு விளக்கம்

மாற்றுத்திறனாளி அட்டை என்றால் கை, கால், கண், காது என்றுதான் பலரும் இன்னும் நினைக்கிறார்கள். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைகளே இருந்தன. அந்த நினைப்பு அப்படியே ஊறிப்போய்விட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 21 வகைகள். ஹீமோபிலியா, தலசீமியா என்ற ரத்தநோய்களோடு, ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோயான சிக்கிள் செல் நோயும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானதே 1952-இல், நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். சட்டம் அதை ஏற்க 64 ஆண்டுகள் ஆயின. ஏற்ற பிறகும், வலி வந்தால் சுருண்டு படுத்து நான்கு நாள் பள்ளிக்கூடம் போகாத பணியர், குறும்பர், இருளர் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஓர் உரிமை இருப்பது பல குடியிருப்புகளுக்கு எட்டவில்லை. பார்வைக்கு உடம்பில் குறை எதுவும் தெரியாததுதான் பெரிய தடை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் சிக்கிள் மரபணு வந்திருந்தால் அது நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் அவர் பெரும்பாலும் 'கேரியர்', அதாவது மரபணுவைச் சுமப்பவர் மட்டுமே. கேரியருக்கு அட்டை கிடையாது. முகாமில் விரலில் குத்திச் செய்யும் முதல்கட்டப் பரிசோதனைச் சீட்டை வைத்து இதை முடிவுசெய்ய மாட்டார்கள். ஆய்வகத்தில் ரத்தத்தைப் பிரித்துப் பார்த்து நோயை உறுதிசெய்யும் எச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோபோரெசிஸ் பரிசோதனை அறிக்கை கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, மருத்துவப் பதிவுகள். எத்தனை முறை வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், எத்தனை முறை ரத்தம் ஏற்றினார்கள், எந்த உறுப்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் குறைபாட்டுச் சதவீதம் போடுவார்கள். வீட்டிலேயே மாத்திரை போட்டுத் தாங்கிக்கொண்ட வலி எந்தத் தாளிலும் ஏறாது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கும் குறைந்த சதவீதம் விழுவது பெரும்பாலும் இதனால்தான். ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சீட்டையும், ரத்தம் ஏற்றிய தேதியையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். நம் மழைக்கு அலமாரியில் வைத்த காகிதமும் பூஞ்சை பிடிக்கும். ஒரு நகல் செல்போனில் படமாக இருக்கட்டும்.

இடுப்பு மூட்டு தேய்ந்து நொண்டி நடப்பவராக இருந்தால் எக்ஸ்ரேயும் எடுத்துப்போங்கள். சிக்கிள் செல் நோயில் இடுப்பெலும்புக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டு அது சிதைவது உண்டு. அப்போது நடமாட்டக் குறைபாட்டையும் தனியாக மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம். இரண்டு குறைபாடுகளை நேராகக் கூட்ட மாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 90-இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, வந்ததைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, அதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். ஒன்று 40, மற்றொன்று 30 என்றால் கிடைப்பது 70 அல்ல, ஏறக்குறைய 57.

அட்டைக்கான விண்ணப்பம் மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில். இ-சேவை மையத்திலும் போடலாம். ஆதார், 6 மாதத்துக்கு உட்பட்ட புகைப்படம், கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகையின் படம் வேண்டும். ஆதாரில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும்; இன்ஷியல் முன்னும் பின்னும் மாறினாலே சிக்கல்தான். ஓ.டி.பி. வருவதற்கு வீட்டில் நிலையாக இருக்கும் எண்ணைக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் பிறகு தேடி அலைய வேண்டாம். பதிவு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கூடலூரிலிருந்து மாவட்டத் தலைநகர் ஊட்டி 50 கிலோமீட்டர். மருத்துவ மதிப்பீட்டுக்காக வலியோடு மலையேறிப் போய், அன்று கண், எலும்பு மருத்துவர்கள் மட்டும் இருக்கக் கண்டு திரும்புவதைப்போல் கொடுமை வேறில்லை. ரத்தநோயை மதிப்பிடப் பொது மருத்துவரோ குழந்தைகள் நல மருத்துவரோ வருகிறாரா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கேரள அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவர்கள் நம் பகுதியில் ஏராளம். சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவிடமும் விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது. எங்கே வாங்கினாலும் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும்.

2024 அக்டோபரில் திருத்திய விதிகளின்படி 3 மாதத்துக்குள் சான்றிதழ் தர வேண்டும். 40 சதவீதத்துக்குக் கீழ் என்றால் வெள்ளை அட்டை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். வெள்ளை அட்டையோடு பெரிய சலுகைகள் வராது. 40 என்பதுதான் வாசற்படி. தற்காலிகச் சான்றிதழ் என்றால் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்கு.

பணமாகக் கிடைப்பதில் இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. வருவாய்த் துறை வழியாக, தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 1,500 ரூபாய். மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். இது கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கும், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு போன்ற குறிப்பிட்ட வகையினருக்கும் உரியது.

படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகள் கவனிக்க: 40 சதவீதம் இருந்தால் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீடும், 5 ஆண்டு வயது வரம்புத் தளர்வும் உண்டு. ஆனால் அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் ரத்தநோய்கள் இடம்பெறவில்லை. சட்டத்தின் 34-ஆம் பிரிவு அவற்றை விட்டுவிட்டது. இது நியாயமே இல்லை. ஆனால் இன்றைய நிலை இதுதான். இடுப்பு பாதிப்புக்குத் தனியாக 40 சதவீதம் கிடைத்தால், நடமாட்டக் குறைபாட்டின் கீழ் அந்த ஒதுக்கீட்டைக் கோரலாம்.

அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீ போன்ற அரசு நிறுவனத்தில் வேலை செய்பவருக்குப் பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டால், அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது. கொழுந்து பறிக்க முடியாவிட்டால், அதே சம்பளத்தில் செய்யக்கூடிய வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்கிறது 20-ஆம் பிரிவு. கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். "இதெல்லாம் வராது, போங்க" என்று வாய்மொழியாகச் சொல்வது மறுப்பு ஆகாது. அந்தத் தாள் இருந்தால்தான் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்ய முடியும். தர மறுத்தால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள்.