நட்டம் வந்தால் முதலில் யார் தலையில்?

சிங்கப்பூர் ஈசூனில் ஒரு சமூக மன்றத்தில் சேமிப்பு பற்றிப் பேசப் போயிருந்தேன். பேச்சு முடிந்து எல்லாரும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்து கைப்பேசியை நீட்டினார். "இதைக் கொஞ்சம் பாரும்மா. வெளிநாட்டுல சூரிய மின்சாரத் திட்டமாம். ஐநா ஆதரவு இருக்காம். வருஷத்துக்கு 14 விழுக்காடு உறுதியா தர்றாங்களாம். பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நல்லதுதானே, போடலாமா?"

அவர் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருந்தன. இது உலகத்துக்கு நல்லதா? என் பணம் பத்திரமா? 14 ஆண்டுகளாக நான் வங்கியில் மின் நிலையங்களுக்கும் நீர்த் திட்டங்களுக்கும் கடன் கொடுப்பதற்கு முன் ஆராயும் வேலையில் இருக்கிறேன். எங்கள் கடன் குழுவும் சுற்றிச் சுற்றி இந்த இரண்டையும்தான் கேட்கும். அன்றைக்கு நின்றபடியே சொன்ன பதில் அரைகுறையாகப் போய்விட்டது. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

பெரிய எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 2009இல் கோப்பன்ஹேகனில் நடந்த ஐநா பருவநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் ஒரு வாக்கு கொடுத்தன. 2020க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் அமெரிக்க டாலர் திரட்டி, பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்கு ஆகும் செலவுகளுக்குத் தருவோம் என்றன. அந்த வாக்கு 2022இல்தான் நிறைவேறியது. பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் கணக்கில் அந்த ஆண்டின் தொகை 115.9 பில்லியன். அதில் அரசு முயற்சியால் திரண்ட தனியார் பணம் 21.9 பில்லியன். அப்புறம் 2024 நவம்பரில் அசர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த மாநாட்டில் புதிய இலக்கு வைத்தார்கள். 2035க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன். எல்லா வழிகளிலும் சேர்த்துப் பார்த்தால் 1.3 டிரில்லியன். இந்த 300க்கும் 1,300க்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தைத் தனியார் பணம் வந்து பெருமளவு நிரப்ப வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

தனியார் பணம் என்றால் பெரும் பணக்காரர்களின் பணம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஓய்வூதிய நிதிகள், காப்புறுதி நிறுவனங்கள், வங்கிகள் வைத்திருப்பதெல்லாம் ஆசிரியரும் பேருந்து ஓட்டுநரும் மாதாமாதம் போட்ட பணம். அதைப் பார்த்துக்கொள்பவர் தான தர்மம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. போட்டவருக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும். எனவே "தனியார் ஏன் ஏழை நாடுகளுக்கு உதவ மாட்டேன் என்கிறார்கள்" என்று கேட்டால் பதில் கிடைக்காது. அவர்களைத் தயங்க வைக்கும் ஆபத்து எது, அதை யார் சுமக்கலாம் என்று கேட்டால் வழி பிறக்கும்.

ஒரு சிறு கணக்கு. நிலக்கரி நிலையத்துக்கு ஆண்டுதோறும் எரிபொருள் வாங்க வேண்டும். சூரியப் பண்ணைக்கு வெயில் இலவசம், ஆனால் செலவு ஏறக்குறைய முழுவதும் முதல் நாளிலேயே வந்துவிடும். அந்தச் செலவைக் கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும். 100 மில்லியன் கடனை 20 ஆண்டுகளில் 6 விழுக்காட்டு வட்டியில் அடைத்தால் ஆண்டுத் தவணை 8.7 மில்லியன். அதே கடன் 12 விழுக்காடு என்றால் 13.4 மில்லியன். பலகை அதே பலகை, வெயில் அதே வெயில், மின்சாரத்தின் விலை மட்டும் ஒன்றரை மடங்கு. வளரும் நாடுகளில் இந்தத் திட்டங்களுக்கான மூலதனச் செலவு பணக்கார நாடுகளைவிட இரு மடங்குக்கும் மேல் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை சொல்லிவருகிறது. வெயில் கொட்டிக் கிடக்கும் நாடுகளில் சூரிய மின்சாரம் எடுபடாமல் போவதற்கு முக்கியக் காரணம் இந்த வட்டிதான்.

வட்டி ஏன் கூடுகிறது? என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். இந்த வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, தென்கிழக்காசியாவில் ஒரு நடுத்தரச் சூரியப் பண்ணைக்குக் கடன் கொடுத்தோம். 20 ஆண்டு மின்சார ஒப்பந்தம், நல்ல வெயில், நல்ல ஒப்பந்தக்காரர். பலகைகள் குறித்த நாளில் எழுந்து நின்றன. துணை மின்நிலையத்திலிருந்து வரவேண்டிய கம்பி மட்டும் வரவில்லை. 11 மாதம் வரவில்லை. மின்கட்டமைப்பில் ஏறிய மின்சாரத்துக்குத்தான் காசு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. கம்பி தாமதமானால் யார் பொறுப்பு என்று எந்த வரியும் இல்லை. வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. திட்டத்தைத் தொடங்கிய குடும்ப நிறுவனம் கடைசியில் தன் பங்கைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு வெளியேறியது. அந்த ஒப்பந்தத்தைப் படித்தவர்களில் நானும் ஒருத்தி. இன்றுவரை எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் கம்பியைத் தேடுகிறேன்.

கம்பி ஒன்று. மின்சாரத்தை வாங்கும் வாரியம் நேரத்துக்குக் காசு தருமா என்பது இன்னொன்று. அரசு மாறினால் பேசிய விலையும் மாறுமா? 2019இல் ஆந்திராவில் புதிய அரசு பழைய காற்று, சூரிய மின்சார ஒப்பந்த விலைகளைத் திரும்பப் பேச முயன்றது. வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2022இல் முதலீட்டாளர் பக்கம் தீர்ப்பு வந்தது. அந்த மூன்று ஆண்டுகளின் பதற்றம் பக்கத்து மாநிலங்களின் வட்டியிலும் ஏறியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

பிறகு நாணயம். இலங்கையில் சொந்தக்காரர்கள் இருக்கும் வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது, இரண்டே மாதங்களில் 360ஐத் தொட்டது. மின்சாரம் விற்றுக் கிடைப்பது ரூபாய், அடைக்க வேண்டிய கடன் டாலர் என்றால் அந்த இரண்டு மாதங்களில் ரூபாய்க் கணக்கில் கடன் முக்கால் பங்குக்கும் மேல் பெருத்துவிட்டது என்று பொருள். நிலையத்தை நடத்துபவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஒரு பலகைகூட உடையவில்லை.

இந்த இடத்தில்தான் பன்னாட்டுப் பொது நிதி உள்ளே வருகிறது, அல்லது வர வேண்டும். தென்கொரியாவின் சொங்டோவில் இருக்கும் பசுமைப் பருவநிலை நிதி, உலக வங்கிக் குழுமம், ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றிடம் இருக்கும் பணம் எல்லாத் திட்டத்தையும் முழுதாகக் கட்டப் போதாது. ஆனால் தனியார் சுமக்க முடியாத ஒரு குறிப்பிட்ட ஆபத்தை மட்டும் பிரித்து எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்ள அந்தப் பணத்தால் முடியும். கலப்பு நிதி என்று இதைச் சொல்கிறார்கள்.

நம் ஊர்ப் பழக்கத்தில் சொன்னால் ஜாமீன் கையெழுத்து. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று மாமா போடும் கையெழுத்து. உலக வங்கிக் குழுமத்தின் மிகா அமைப்பு 1988 முதல் இதைத்தான் செய்கிறது: அரசு சொத்தைப் பறித்தால், பணத்தை நாட்டைவிட்டு வெளியே எடுக்க விடாமல் தடுத்தால், போர் வந்தால் முதலீட்டாளருக்கு ஈடு கொடுக்கும். இன்னொரு வகையில் பொது நிதி அதே திட்டத்தில் கீழ்ப் படியில் உட்காரும். நட்டம் வந்தால் முதலில் அதன் பணம் கரையும், அது தீர்ந்த பிறகுதான் தனியார் பணத்தைத் தொடும். நாணயத்துக்கும் ஆள் உண்டு. 2007இல் வளர்ச்சி வங்கிகள் சேர்ந்து ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய டிசிஎக்ஸ் நிதி, வேறு யாரும் தொடாத நாணயங்களின் ஏற்ற இறக்கத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது.

நான் புதிதாக வரும் இளையர்களுக்கு எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு மத்தியப் பிரதேசத்தின் ரேவா சூரியப் பூங்கா. 750 மெகாவாட். 2017இல் ஏலம் நடந்தபோது முதலாண்டு விலை யூனிட்டுக்கு 2 ரூபாய் 97 காசுக்கு இறங்கியது. அரசு மானியம் இல்லாமல் கிடைத்த விலை அது. இது எப்படி நடந்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது. உலக வங்கிக் குழுமத்தில் தனியார் துறையைக் கவனிக்கும் ஐஎஃப்சி ஆலோசகராக உட்கார்ந்து, ஏலத்துக்கு முன்பே முதலீட்டாளர்களின் பயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதியது. காசு தாமதமானால்? வங்கிக் கடன் உறுதிக் கடிதம், அதற்குப் பின்னால் ஒரு தனி நிதி, அதற்கும் பின்னால் மாநில அரசின் உத்தரவாதம் என்று மூன்று அடுக்கு. கட்டமைப்பு மின்சாரத்தை ஏற்காவிட்டால்? இழப்பீடு. கம்பி? பூங்காவுக்கான பொது வசதிகளுக்கு உலக வங்கியும் தூய தொழில்நுட்ப நிதியும் கடன் கொடுத்தன. வாங்குபவர்களில் டெல்லி மெட்ரோவும் உண்டு, அது நேரத்துக்குக் காசு தரும் நிறுவனம். இவ்வளவுக்கும் செலவான பொதுப் பணம், பூங்காவின் மொத்த முதலீட்டோடு ஒப்பிட்டால் சிறு பங்குதான். என் பழைய திட்டத்தில் விடுபட்ட அந்த ஒரு வரியை இங்கே யாரோ முன்கூட்டியே யோசித்து எழுதியிருந்தார்கள்.

சிங்கப்பூரும் இதில் இறங்கியிருக்கிறது. 2023 டிசம்பரில் துபாய் பருவநிலை மாநாட்டில் நாணய ஆணையம் ஃபாஸ்ட்-பி என்ற கூட்டு முயற்சியை அறிவித்தது. ஆசியாவின் பசுமைத் திட்டங்களுக்கு 5 பில்லியன் அமெரிக்க டாலர் வரை திரட்டுவது இலக்கு. அடுத்த ஆண்டு அரசாங்கம் 500 மில்லியன் டாலர் வரை சலுகை நிதியாக, அதாவது சந்தையைவிட எளிய நிபந்தனையில், தருவதாகச் சொன்னது; மற்ற நாடுகளும் அறநிறுவனங்களும் போடும் ஒவ்வொரு டாலருக்கும் ஈடாக ஒரு டாலர். இந்தப் பணம் கீழ்ப் படியில் உட்கார்ந்தால் மேல் படிக்கு ராபிள்ஸ் பிளேஸ் வங்கிகளின் பணம் வரும் என்பது எண்ணம். சிறிய நாடு செய்யக்கூடிய சரியான வேலை இது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் நம்பிக்கையைக் கணக்கோடு வைத்துக்கொள்ள வேண்டும். 2015 வாக்கில் "பில்லியனைப் போட்டால் டிரில்லியன் வரும்" என்று மேடைதோறும் பேசினார்கள். லண்டனின் ஓடிஐ ஆய்வு நிறுவனம் 2019இல் கணக்குப் பார்த்தபோது, வளர்ச்சி வங்கிகளின் ஒரு டாலர் இழுத்து வந்த தனியார் பணம் சராசரியாக 75 காசு. மிக ஏழை நாடுகளில் 37 காசு. யாருக்கு அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகப் போகிறது. இந்தோனேசியா நிலக்கரியைக் குறைக்க உதவுவதற்காக 2022இல் பாலியில் அறிவித்த 20 பில்லியன் டாலர் கூட்டு முயற்சியிலிருந்து 2025 மார்ச்சில் அமெரிக்கா விலகியதையும் பார்த்தோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பருவநிலை நிதி என்றதும் பலர் நன்கொடை என்று நினைக்கிறார்கள். 2022இல் அரசுகள் வழியாகப் போன பணத்தில் 69 விழுக்காடு கடன். அதோடு, ஜாமீன் போடும் கடைசிக் கை பல நேரம் அந்த ஏழை நாட்டு அரசுடையதாகவே இருக்கிறது. லாபம் முழுக்கத் தனியாருக்கும் நட்டம் முழுக்க அந்நாட்டு வரி கட்டுபவருக்கும் போகும்படி எழுதிய ஒப்பந்தங்களை நான் படித்திருக்கிறேன். அவற்றை இரகசியமாக வைத்திருக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். கொடுப்பது மக்கள் பணம் என்றால் விதிமுறைகளையும் மக்கள் படிக்க முடிய வேண்டும்.

சில வேலைகளுக்குத் தனியார் பணம் எப்படிக் கூப்பிட்டாலும் வராது. சூரியப் பண்ணை மின்சாரத்தை விற்கும். கடல் தடுப்புச் சுவர் எதை விற்கும்? நம்மூரையே எடுத்துக்கொள்ளுங்கள். உயரும் கடலிலிருந்து தீவைக் காக்க 100 ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ ஆகலாம் என்று 2019 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். அடுத்த ஆண்டே 5 பில்லியன் வெள்ளியில் அரசாங்கம் தனி நிதி ஒன்றை அமைத்தது. இவ்வளவு பணமுள்ள ஊரிலேயே கடல் சுவர் அரசாங்கச் செலவு என்றால், வங்கதேசக் கரையோரக் கிராமத்துக்கு முதலீட்டாளர் வருவார் என்று அந்த மக்களைக் காத்திருக்கச் சொல்வது நியாயமே இல்லை. அங்கே தேவைப்படுவது மானியம்.

சரி, அந்தப் பெரியவரின் கைப்பேசிக்கு வருகிறேன். உண்மையான பருவநிலைத் திட்டத்தில் ஆபத்து மறைவதில்லை, ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறுகிறது. யார் தலைக்கு என்று எழுத்தில் இருக்கும். அவர் காட்டிய விளம்பரத்தில் நாடு இல்லை, மின்சாரம் வாங்குபவர் இல்லை, ஐநாவின் எந்த அமைப்பு என்பதும் இல்லை. "உறுதி" என்ற சொல் மட்டும் நான்கு இடத்தில் இருந்தது. பசுமைப் பருவநிலை நிதி எந்தத் தனிமனிதரிடமும் வாட்ஸ்அப்பில் பணம் கேட்காது. தனிமனிதர் போடக்கூடிய நேர்மையான பசுமைப் பத்திரங்கள் உண்டு. 2022 ஆகஸ்டில் சிங்கப்பூர் அரசாங்கமே 50 ஆண்டு பசுமைப் பத்திரம் வெளியிட்டபோது ஒரு சிறு பகுதியைப் பொதுமக்களுக்கு ஒதுக்கியது. அதன் வட்டி 3 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. நல்ல பெயருள்ள அரசாங்கம் அவ்வளவு தரும்போது, பெயரே தெரியாத ஒருவர் 14 எப்படித் தருவார்?

இப்படி ஏதாவது உங்களுக்கும் வந்தால், அந்த நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலில் தேடுங்கள். முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் எண்ணைக் கூப்பிடுங்கள். விற்பவரிடம் நேராகவே கேளுங்கள்: மின்சாரத்தை யார் வாங்குகிறார்கள், எந்த நாணயத்தில், நட்டம் வந்தால் முதலில் யாருடைய பணம் போகும்?

பெரியவர் அந்த மூன்று கேள்விகளையும் ஒரு துண்டுத் தாளில் எழுதச் சொல்லி வாங்கிப் போனார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். முதல் கேள்விக்கே எதிர்முனையில் இருந்தவர் தொலைபேசியை வைத்துவிட்டாராம். அவருடைய நண்பர் ஒருவர் ஏற்கெனவே 8,000 வெள்ளி போட்டுவிட்டார் என்றும் சொன்னார். நண்பரை அழைத்துக்கொண்டு அன்றைக்கே காவல் நிலையம் போய்ப் புகார் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.