இழுக்கும், சரி. தாங்குமா?

டெக்சாஸில் ஐ-35 நெடுஞ்சாலையோரம் ஒரு டிரக் ஸ்டாப். சனிக்கிழமை காலை ஏழு மணி. சரக்கு லாரிகளுக்கு நடுவே, எடைமேடையில் ஒரு பிக்கப் டிரக்கும், அதன் முதுகில் மூக்கை ஊன்றியபடி ஒரு ஃபிஃப்த் வீல் டிரெய்லரும் (டிரக் இழுத்துச்செல்லும் வீடு) நின்றன. எடைச்சீட்டை வாங்கிவந்த அண்ணன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"தம்பி, பதினெட்டாயிரம் பவுண்டு வரைக்கும் இழுக்கும்னு சொல்லித்தானே டிரக்கை வித்தாங்க. டிரெய்லர் பதினாலாயிரத்தைக்கூடத் தாண்டலை. அப்புறம் எப்படி ஓவர்லோடு?"

ஆர்வி என்னும் பயண வீடுகளைப் பழுதுபார்ப்பதும், வாங்கும் முன் பரிசோதித்துச் சொல்வதும் என் தொழில். இந்தக் கேள்வியை வெவ்வேறு வாயிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பல வருடம் மோட்டார்ஹோம் ஓட்டிவிட்டு ஃபிஃப்த் வீலுக்கு மாறுகிறவர்களிடமிருந்துதான் அதிகம் வருகிறது. புதிதாக வருகிறவர்கள் பயந்து பயந்து பத்துப் பேரிடம் விசாரிப்பார்கள். இவர்களோ, 'முப்பத்தைந்து அடி வண்டியையே ஓட்டியாச்சு, இதென்ன பெரிய விஷயம்' என்று நேரே போய் வாங்கிவிடுவார்கள்.

மோட்டார்ஹோமில் எஞ்சின், பிரேக், அச்சு, வீடு எல்லாம் ஒரே சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. எதற்கு எது பொருந்தும் என்று தொழிற்சாலையிலேயே பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். ஃபிஃப்த் வீலில் டிரக் ஒரு கம்பெனி, டிரெய்லர் இன்னொரு கம்பெனி, இரண்டையும் பிணைக்கிற ஹிட்ச் மூன்றாவது கம்பெனி. பத்துப் பொருத்தமும் பார்க்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது. விற்பவர் பார்த்திருப்பார் என்று நம்ப வேண்டாம். டிரக் விற்பவருக்கு டிரெய்லரைத் தெரியாது, டிரெய்லர் விற்பவர் டிரக்கின் கதவைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

பெயர்க் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'அந்த அஞ்சாவது சக்கரம் எங்கே இருக்கு?' என்று கேட்காத ஆள் இல்லை. குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காக அதன்மேல் படுக்கைவசத்தில் ஒரு வளையம் இருக்கும். நான்கு சக்கரம் போக ஐந்தாவதாக அது. பெயர் அப்படியே லாரி இணைப்புக்கு வந்தது. விமானம் கட்டிய கிளென் கர்டிஸ் 1920களில் ஏரோகார் என்ற பெயரில் இந்த முறையில் இழுக்கும் பயண வண்டிகளைச் செய்து விற்றார். இன்றைக்கு அந்த வளையத்தின் இடத்தில், டிரக்கின் தொட்டிக்குள் (சாமான் ஏற்றும் திறந்த பின்பகுதி) பின் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ, ஹிட்ச் உட்கார்ந்திருக்கிறது. டிரெய்லரின் மூக்கடியில் இருக்கும் கிங்பின் என்ற இரும்பு முளை ஹிட்சின் தாடைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

அண்ணனின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. சாதாரண டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டியின் மேல் வைக்கும். ஃபிஃப்த் வீல் பெரும்பாலும் 20 முதல் 25 சதவீதத்தை ஏற்றிவிடும். கிங்பின் வழியாக இறங்கும் அந்தப் பாரத்தைத்தான் 'பின் வெயிட்' என்கிறோம். அந்த எடையை டிரக் இழுப்பதில்லை, சுமக்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் பதினெட்டாயிரம் இழுவைத் திறன். சுமக்கும் திறனைப் பார்க்க ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்க வேண்டும். நிலையில் ஒட்டிய ஸ்டிக்கரில், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஓர் எண் இருக்கும். அதுதான் பேலோடு. ஒரே மாடல் டிரக்கில்கூட இந்த எண் வண்டிக்கு வண்டி மாறும். டீசல் எஞ்சின், சன்ரூஃப், நான்கு கதவு என்று வசதி கூடக் கூட எண் இறங்கும்.

அண்ணனுடையது 'முக்கால் டன்' வகை டீசல் டிரக் (அது வகையின் பெயர்தான், சுமக்கும் எடை இல்லை). கதவில் இருந்தது 2,240 பவுண்டு. கணவன் மனைவி இருவரும் 340, ஹிட்ச் 170, கருவிப்பெட்டியும் இதர சாமானும் 150. மிச்சம் 1,580. டிரெய்லர் கிங்பின் வழியாக இறக்கிய எடையோ 2,950. மொத்தத்தில் 1,370 பவுண்டு அதிகம். பின் அச்சு தன் வரம்பை 370 பவுண்டு தாண்டியிருந்தது.

"புரோஷர்ல 2,050னுதானே போட்டிருந்தான்?" என்றார்.

போட்டிருப்பான். அது வெற்று எடை. தண்ணீர் இல்லை, சாமான் இல்லை, டீலர் மாட்டும் பேட்டரி இல்லை. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. அறுபது கேலன் தொட்டியை நிரப்பினால் 500 பவுண்டு அங்கேயே போயிற்று. இதில் இன்னொரு சூட்சுமம், ஃபிஃப்த் வீலில் கனமானவை எல்லாம் மூக்குப் பக்கமே குவியும். கேஸ் சிலிண்டர், பேட்டரி, ஜெனரேட்டர், படுக்கையறை அலமாரிக்குள் துவைக்கும் இயந்திரம், அடியில் பெரிய சாமான் அறை. அங்கே வைக்கிற ஒவ்வொரு பவுண்டிலும் பெரும்பங்கு டிரக்கின் முதுகில்தான் இறங்கும். நம்மவர்கள் வண்டி என்றால் அந்தச் சாமான் அறையை நான் கட்டாயம் திறந்து பார்ப்பேன். இவர்களுடையதில் இருபது பவுண்டு அரிசி மூட்டை மூன்று, குக்கர் இரண்டு, பித்தளைப் பாத்திரம், பழைய துண்டில் சுற்றிய வெட் கிரைண்டர். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கிரைண்டரைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

அதனால், வாங்கும் முன் கணக்குப் போடுகிறவர்கள் வெற்று எடையை மறந்துவிடுங்கள். டிரெய்லரின் அதிகபட்ச அனுமதி எடையை எடுத்து அதில் 22 முதல் 25 சதவீதத்தைப் பின் வெயிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஹிட்ச், ஆட்கள், நாய், டிரக்கில் போடும் சாமான் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அது கதவில் உள்ள எண்ணுக்குள் அடங்க வேண்டும். முதலில் டிரெய்லரை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற டிரக்கைத் தேடுவதுதான் சரியான வரிசை. என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

பின்பக்கம் தாழ்ந்துபோனால் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக் (காற்றுப்பை) போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். கதவிலுள்ள எண் மாறாது. அச்சு, டயர், பிரேக் எல்லாம் பழையதுதானே?

எடை போடுவது சிரமமான காரியமில்லை. டிரக் ஸ்டாப்களில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) நிறுவனத்தின் எடைமேடை முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் என்று தனித்தனியாகக் காட்டும். ஒருமுறை இணைத்தபடி, ஒருமுறை டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு டிரக்கை மட்டும். முதல் சீட்டின் டிரக் அச்சுகள் இரண்டையும் கூட்டி, அதிலிருந்து இரண்டாவது சீட்டின் எடையைக் கழித்தால் பின் வெயிட் வந்துவிடும். 24 மணி நேரத்துக்குள் மறுபடி போட்டால் கட்டணமும் குறைவு.

என் டிரக்கின் வடு

என் சொந்த டிரக்கின் தொட்டிச் சுவர் இரண்டு பக்கமும் நசுங்கியிருக்கும். வாடிக்கையாளர்கள் கேட்காமல் விடுவதில்லை. நானும் மறைப்பதில்லை. டெக்ஸோமா ஏரிக்கரையில் ஒரு மழைநாள். அவசரமாக இணைத்தேன். 'டக்' என்று சத்தம் கேட்டது, பூட்டிவிட்டது என்று நினைத்து, டிரெய்லரைத் தாங்கும் முன்கால்களைத் தூக்கிவிட்டு வண்டியை எடுத்தேன். மூன்றடிகூடப் போகவில்லை. கிங்பின் தாடைக்குள் போகாமல் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. டிரெய்லரின் மூக்கு அப்படியே தொட்டிச் சுவரின் மேல் இறங்கியது. பதினைந்து வருடம் இதே தொழிலில் இருப்பவன் நான்.

மோட்டார்ஹோம்காரர்களுக்கு இந்தப் பழக்கமே கிடையாது. சாவியைத் திருப்பினால் வீடு கிளம்பிவிடும். பின்னால் கார் இழுத்தவர்களுக்குக்கூட இந்த அளவு எடையைக் கையாண்டு பழக்கமிருக்காது. அதனால் ஒரு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இணைக்கும்போது டிரெய்லரின் தட்டு ஹிட்ச் தட்டைவிடக் கொஞ்சம் தாழ்வாக, டிரக் பின்னால் வரும்போது உரசி லேசாகத் தூக்கப்படும் உயரத்தில் இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் என் கதைதான். பூட்டிய பிறகு டார்ச் அடித்துத் தாடை மூடியிருப்பதைக் கண்ணால் பாருங்கள். சத்தத்தை நம்பாதீர்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தபடியே, கால்களைத் தரையிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் தூக்காமல், டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு டிரக்கை மெதுவாக முன்னால் இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால்தான் மற்ற வேலை. பிரேக்அவே கம்பியை (டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைப்பது) ஹிட்சில் மாட்டாமல் டிரக்கின் உடலில் மாட்டுங்கள். ஹிட்சே கழன்று வந்தால் கம்பியும் கூடவே வந்துவிடும், பிரேக் பிடிக்காது. கழற்றும்போது முதல் வேலை சக்கரக் கட்டை. பேசிக்கொண்டே செய்யக் கூடாது. யாராவது பேச்சுக் கொடுத்து நடுவில் நின்றுவிட்டால், ஆரம்பத்திலிருந்து திரும்பப் பாருங்கள்.

ஓட்டுவதில் ஃபிஃப்த் வீல் நல்ல பிள்ளை. காற்றடித்தாலும் சாதாரண டிரெய்லர் மாதிரி வாலாட்டாது. திருப்பத்தில் மட்டும் பழைய பழக்கம் ஏமாற்றும். மோட்டார்ஹோமில் நீங்கள் பயந்தது வெளியே வீசும் வாலுக்கு. இதில் டிரெய்லரின் சக்கரங்கள் திருப்பத்தின் உட்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். பெட்ரோல் பங்கில் அந்த மஞ்சள் தூண்கள் வாங்கும் அடியெல்லாம் இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை காலை காலியாகக் கிடக்கும் ஏதாவது கடை வாசல் மைதானத்தில் இரண்டு மணி நேரம் பழகுங்கள். தம்பதி இருவரும் பழகினால் நல்லது. பின்னால் நின்று வழிகாட்டுவது போனில் இருக்கட்டும். கையசைப்பில் ஆரம்பித்த பல சண்டைகளுக்கு நான் சாட்சி.

உயரத்தை இணைத்தபிறகு டேப் வைத்து நீங்களே அளங்கள், கூரைமேல் ஏசியின் உச்சிவரை. பெரிய ஃபிஃப்த் வீல்கள் 13 அடியைத் தாண்டும். பல மாநிலங்களில் சட்ட வரம்பே 13 அடி 6 அங்குலம்தான். வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் லாரிகளின் கூரையைச் சீவிச் சீவிப் பேர் வாங்கிய ரயில் பாலம் ஒன்று உண்டு. 11 அடி 8 அங்குலமாக இருந்ததை 2019இல் 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினார்கள். அப்படி உயர்த்தியும் உங்கள் ஃபிஃப்த் வீலுக்கு அது போதாது.

அப்புறம் டயர். மோட்டார்ஹோமில் டயர் வெடித்தால் ஸ்டீயரிங்கே சொல்லிவிடும். டிரெய்லரில் வெடித்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே மைல்கணக்கில் ஓடும். கிழிந்த ரப்பர் அடித்து அடித்துச் சுவரையும் குழாய்களையும் பிய்த்துவிடும். காற்றழுத்தம் காட்டும் கருவி கட்டாயம் போடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்னாலேயே வயதாகிச் சாகும். ஐந்தாறு வருடமானதை, மேல்கோடுகள் தேயவில்லையே என்று பார்த்து நம்ப வேண்டாம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது கூட்டிப்போகத்தான் பலர் பெரிய வண்டி வாங்குகிறார்கள். இதை வாங்கும் முன்பே யோசியுங்கள். மோட்டார்ஹோமில் எல்லோரும் ஒரே கூரைக்குள் போனீர்கள். (ஓடும்போது எழுந்து காபி போட்டதெல்லாம் அங்கேயும் தப்புதான், அது வேறு கதை.) ஃபிஃப்த் வீலில் ஓடும்போது ஆள் உட்காரலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா சில நிபந்தனைகளோடு விடுகிறது. சட்டம் விட்டாலும் நான் ஒருவரையும் ஏற்ற மாட்டேன். உள்ளே சீட் பெல்ட் கிடையாது. ஆக, டிரக்கில் எத்தனை இருக்கையோ அத்தனை பேர்தான். படுக்கையறையும் பெரும்பாலும் குளியலறையும் மூக்குப் பக்கம் மேலே இருக்கும், இரண்டு மூன்று படி. முட்டி வலியோடு ராத்திரி நாலு தடவை எழுகிற அம்மாவை ஷோரூமுக்கே கூட்டிப்போய் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள்.

மோட்டார்ஹோமில் ஜெனரேட்டர் உள்ளேயே பொருத்தியிருந்தது. இதில் பலர் கையில் தூக்கும் ஜெனரேட்டர் வாங்கி, சத்தத்துக்குப் பயந்து வண்டிக்கு அடியிலோ ஜன்னலோரமோ வைக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே கொல்லும். குறைந்தது 20 அடி தள்ளி, புகைவாய் எதிர்த்திசை பார்க்க வையுங்கள். தாளிக்கும்போது கத்துகிறது என்று எச்சரிக்கைக் கருவியின் ஃபியூஸைப் பிடுங்கிவைத்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டுத் தாளியுங்கள், கருவி இருக்கட்டும்.

காப்பீட்டில் ஒன்று மட்டும். இழுக்கும்போது டிரெய்லர் அடுத்தவருக்குச் செய்யும் சேதத்துக்குப் பெரும்பாலும் டிரக்கின் பாலிசிதான் பொறுப்பேற்கும். டிரெய்லருக்கு ஏற்படும் சேதத்துக்கும் உள்ளிருக்கும் பொருளுக்கும் தனியாக எடுக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மாறாதே என்கிறேனா? இல்லை. ஒரே இடத்தில் வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு ஃபிஃப்த் வீல்தான் சுகம். கூரை உயரம், பெரிய சமையலறை, ஊர் சுற்ற டிரக் கையில். எஞ்சின் பழுதானால் வீடே ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற கொடுமையும் இல்லை. தினமும் இடம் மாறி, மழையில் நனையாமல் கிளம்ப நினைக்கிறவர்கள் மோட்டார்ஹோமிலேயே இருப்பது நல்லது.

அண்ணன் டிரெய்லரை விடவில்லை, டிரக்கை மாற்றினார். பின்னால் நான்கு டயர் ஓடும் ஒரு டன் டூயலி, கதவில் 5,400 பவுண்டு. அதில் இன்னொரு விஷயம் கிளம்பியது. டிரக்கின் அனுமதி எடை 14,000, டிரெய்லருடையது 14,000, ஆக 28,000. டெக்சாஸில் இரண்டும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டி, டிரெய்லர் மட்டுமே 10,000க்கு மேல் இருந்தால், சொந்த உபயோகத்துக்கும் கிளாஸ் ஏ என்ற கனரக ஓட்டுநர் உரிமம் வேண்டும். கலிஃபோர்னியாவில் கணக்கு வேறு. அங்கே ஃபிஃப்த் வீலின் எடை மட்டும் 10,000 தாண்டினால் உரிமத்தில் தனி ஒப்புதல், 15,000 தாண்டினால் கிளாஸ் ஏ. முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறவர் மறுபடி புத்தகம் வாங்கிப் படித்துத் தேர்வு எழுதினார்.

உரிமம் கைக்கு வந்த வாரமே எடைச்சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எல்லா அச்சும் வரம்புக்குள் இருந்தது. கீழே ஒரு வரி: "கிரைண்டரோடதான் தம்பி போட்டேன்."