சேணத்துக்கு அடியில்

தேர்தல் வந்தால் கொடைக்கானல் மலைக் குதிரைகளின் படம் பேப்பரில் வந்துவிடும். சாலை இல்லாத வெள்ளகெவி கிராமத்துக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைச் சுமந்து போனவை அவைதான். படத்தில் குதிரை கம்பீரமாகத்தான் நிற்கும். நான் கால்நடை மருத்துவன். என் கண் சேணத்துக்கு அடியில்தான் போகும்.

கீழ்ப்பழனி மலைத் தோட்டங்களிலிருந்து காப்பியும் மிளகும் வாழையும் ஜீப் நிற்கும் இடம் வரை பல இடங்களில் மட்டக்குதிரை முதுகில்தான் வருகின்றன. ஒரு தை மாதம், பண்ணைக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ரெண்டு நாளா நடை சரியில்ல சார்." நான்கு குளம்பையும் தூக்கிப் பார்த்தேன். கல்லோ முள்ளோ இல்லை. சேணத்தைக் கழற்றச் சொன்னேன். அடியில் விரித்திருந்த சாக்கு முதுகோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வெந்நீர் ஊற்றி ஊறவைத்து எடுத்தால், கழுத்து முதுகோடு சேரும் எலும்பு மேட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சீழ்.

"எவ்வளவு ஏத்துறீங்கண்ணே?"

"அறுபதைத் தாண்டாது சார்."

அன்றைய மூட்டைகளை வியாபாரியின் தராசில் போட்டோம். ஒன்று 48 கிலோ, மற்றது 55. இரண்டும் சேர்த்து 103. பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள் மட்டக்குதிரைக்கு வைத்த உச்சம் 70 கிலோ. மொத்தக் கனத்தை விட அந்த ஏழு கிலோ வித்தியாசம்தான் எனக்கு உறுத்தியது. சேணத்தை அது ஒரு பக்கமாக இழுக்கும், இறங்கும் வழியெல்லாம் ஒரே இடத்தைத் தேய்க்கும். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. குதிரை ஒருநாளும் முரண்டு பிடிக்கவில்லை, அதனால் அவரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

வாயில்லா ஜீவனுக்குப் பொய் தெரியாது என்பார்கள். பாதிதான் உண்மை. குதிரை வேட்டைக்கு இரையாகும் இனம், வலியை முடிந்தவரை மறைக்கும். மறைக்காதது முதுகு. சேணப்புண் ஆறிய இடத்தில் பெரும்பாலும் முடி வெள்ளையாகத்தான் முளைக்கும், பிறகு நிறம் திரும்பாது. குதிரை வாங்கப் போகிறவர் முதலில் தடவிப் பார்ப்பது அதைத்தான். சாயம் பூசி விற்க வருகிறவர்களும் உண்டு. ஒருமுறை என் விரலிலேயே கறுப்பு ஒட்டியது.

வேட்பாளருக்கும் அப்படி ஒரு முதுகு இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு, சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ நிற்கிறவர் தன் மேலுள்ள வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் படிவம் 26இல் பிரமாணமாக எழுதித் தர வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். போன தேர்தலில் கொடுத்ததையும் இந்தத் தேர்தலில் கொடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் நரைத்த இடம் தெரியும். மருந்து வைத்துக்கொண்டே இதைச் சொன்னேன். குதிரைக்காரர் சிரித்தார். "குதிரைன்னா பல்லைப் பிடிச்சுப் பார்க்கணும் சார். இவங்க ஓட்டு கேட்கையில தானே காட்டிடுறாங்களே."

கோவேறு கழுதை வேறு ரகம். பாரம் மிஞ்சினால் நாலு காலையும் ஊன்றி நின்றுவிடும், அடித்தாலும் நகராது. அதே விதிகள் அதற்கு 200 கிலோ வரை விடுகின்றன. இந்த மலை ஏற்றத்துக்கு அது அநியாயம் என்பது என் கருத்து. ஊராட்சித் தேர்தலில் ஒருவர் கிட்டத்தட்ட இந்த ரகமாக நின்றார். "ரோடு காட்டுக்குள்ள போகுது. 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு வரைக்கும் அனுமதி வாங்கணும், என் கையில இல்ல. ஓடைப்பாலத்தையும் பாதையையும் சரி பண்ணித் தர்றேன்" என்றார். எதிரில் நின்றவர் ஆறு மாதத்தில் தார் ரோடு என்றார். ஜெயித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓடைப்பாலம் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

குதிரை வைத்திருப்பவர்களுக்கு: எலும்பு மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல், நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. புண் சின்னதாக இருந்தாலும் ரண ஜன்னி (டெட்டனஸ்) ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். குதிரைக்கு அது வந்தால் பிழைப்பது கஷ்டம்.

பண்ணைக்காட்டுக் குதிரைக்கு ஆறு வாரம் சேணம் போடவில்லை. கூலிக்கு வேறு குதிரை பிடித்ததில் அவருக்குக் கை நஷ்டம்தான். இப்போது மூட்டை கட்டும் இடத்தில் சொந்தமாக ஒரு தராசு தொங்குகிறது. புண் இருந்த இடத்தில் வெள்ளை முடி வந்துவிட்டது. "சாயம் பூசிடட்டுமா சார்?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.