ஏர் சாண்டர் கெட்டுப்போகவில்லை, காற்றுதான் போதவில்லை

போன வாரமும் ஒன்று வந்தது. கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய பங்களாவை ஹோம்ஸ்டே ஆக்குகிறார்கள். அங்கே மரச்சாமான்களுக்கு பாலிஷ் வேலை எடுத்திருக்கும் தம்பி, வாங்கி ஒரு மழைக்காலம்கூட முடியாத ஏர் சாண்டரை (கம்ப்ரசர் அழுத்தித் தரும் காற்றில் சுற்றி, உப்புத்தாளால் மரத்தைத் தேய்க்கும் மெஷின்) மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். "அண்ணா, இது டூப்ளிகேட்டா பாருங்க. கொஞ்ச நேரம் நல்லா சுத்துது, அப்புறம் படுத்துக்குது. இப்ப சுத்தவே மாட்டேங்குது." திறந்தேன். உள்ளே பழுப்பு நிறத்தில் துருத்தண்ணீர். ரோட்டார் என்கிற சுழலும் உருளையின் காடிகளில் வழுக்கி ஓடவேண்டிய தகடுகள் ஐந்தும் அப்படியே ஒட்டிக் கிடந்தன. திருப்புளி முனையால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது.

மெஷின் நல்ல மெஷின்தான். அதற்குக் கொடுத்த காற்றில்தான் கோளாறு. அளவும் போதவில்லை, ஈரமும் அதிகம். எங்கள் குன்னூர் பட்டறைக்கு வரும் ஏர் சாண்டர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றால்தான் வருகின்றன. வருகிறவர்கள் எல்லோரும் கம்பெனியைத் திட்டுகிறார்கள், சிலர் அடுத்த கம்பெனி மெஷினையும் வாங்கி அதையும் இப்படியே கொல்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில், என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் கேள்வி: "என் கம்ப்ரசர்ல 120 பி.எஸ்.ஐ. வருதே, மெஷினுக்கு 90 போதும்னு பெட்டியிலேயே போட்டிருக்கே?"

ஐயா, கேஜில் தெரிவது அழுத்தம். எவ்வளவு காற்று வருகிறது என்பது வேறு கணக்கு. கையால் அடிக்கும் நல்ல சைக்கிள் பம்பிலும் 90 பி.எஸ்.ஐ. ஏற்றலாம். அதை வைத்து சாண்டர் ஓட்டுவீர்களா? லீவரைத் தொடாமல் சும்மா வைத்திருக்கும்போது கேஜ் 90 காட்டுவது ஒரு சாதனையே இல்லை. காற்றுக்கு வெளியே போக வழி இல்லை, அதனால் காட்டுகிறது. லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே முள்ளைப் பாருங்கள். 80, 70, 60 என்று இறங்கிக்கொண்டே போகும். எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் உங்கள் மெஷினுக்கு உண்மையில் கிடைக்கும் அழுத்தம்.

பார்க்க வேண்டிய எண் சி.எஃப்.எம்., அதாவது ஒரு நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது. அதிலும் பெட்டியில் ஒரு வேலை செய்திருப்பார்கள். 'சராசரி 4 சி.எஃப்.எம்.' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நிமிடத்தில் கால்வாசி நேரம் மட்டும் லீவரை அழுத்துவோம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. ஒர்க்‌ஷாப்பில் நட்டு கழற்றும் ஏர் ரெஞ்சுக்கு அது பொருந்தும். சாண்டரை யார் 15 நொடி ஓட்டிவிட்டு 45 நொடி சும்மா வைக்கிறார்கள்? ஒரு டைனிங் டேபிள் பலகையைத் தேய்க்க ஆரம்பித்தால் டீ வரும்வரை விரல் லீவரை விட்டு எழாது. அப்படித் தொடர்ந்து ஓட்டினால் 125 அல்லது 150 மி.மீ. பேட் (உப்புத்தாள் ஒட்டும் வட்டத் தட்டு) உள்ள சாண்டர் 12 முதல் 17 சி.எஃப்.எம். வரை குடிக்கும்.

இப்போது கம்ப்ரசர் பக்கம் வாருங்கள். 90 பி.எஸ்.ஐ.யில், ஒரு எச்.பி.க்கு மூன்றரை முதல் நான்கு சி.எஃப்.எம். கிடைத்தால் பெரிது. கடைக்காரர் சொல்லும் 'டிஸ்ப்ளேஸ்மென்ட்' எண்ணை, அதாவது பிஸ்டன் நகரும் கன அளவை, நம்பாதீர்கள், 'எஃப்.ஏ.டி.' எவ்வளவு என்று கேளுங்கள். வெளியே வரும் காற்றின் அளவு அதுதான், எப்போதும் அது குறைவாகத்தான் இருக்கும். 2 எச்.பி. கம்ப்ரசர் என்றால் ஏழு சி.எஃப்.எம். அதுவும் சமவெளியில். உதகை சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1850. உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால்வாசிதான், குன்னூரில் ஐந்தில் நான்கு பங்கு. கம்ப்ரசர் இங்கேயும் அதே கன அளவைத்தான் உறிஞ்சுகிறது, ஆனால் உறிஞ்சுவது மெல்லிய காற்று. ஆக, கோயம்புத்தூர் கடையில் ஏழு கொடுத்த கம்ப்ரசர் உதகைக்கு வந்ததும் ஐந்தரைதான் கொடுக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவர் சொன்னது அவர் ஊர்க் கணக்கு.

50 லிட்டர் டேங்க், முள் 120இல் நிற்கிறது, சாண்டருக்கு 16 சி.எஃப்.எம். வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லீவரை அழுத்தியதிலிருந்து 90க்குக் கீழே இறங்கச் சுமார் 20 நொடி ஆகும். அவ்வளவுதான்! அதற்கப்புறம் நடப்பதெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. பேட் வேகம் இழக்கும். மரம் தேயவில்லையே என்று நீங்கள் கையால் அழுத்துவீர்கள். அழுத்தினால் பேட் சுற்றுவது நின்று வெறுமனே அதிரும், பலகை முழுக்கச் சுருள் சுருளாகக் கீறல் விழும். மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயின் அடிக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. அடித்த பிறகு உங்களுக்கு மட்டுமில்லை, வீட்டுக்காரருக்கும் தெரியும்.

இன்னொரு கெடுதலும் உண்டு, இதை யாரும் யோசிப்பதில்லை. தேவைக்கு ஈடுகொடுக்க முடியாத கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஹெட் கொதிக்கும், டேங்கில் காற்று ஆற நேரமிருக்காது. சூடான காற்று தன் ஈரத்தை டேங்கில் விடாமல் ஹோஸ் வழியாகக் கூட்டிக்கொண்டு போய், சாண்டருக்கு உள்ளே குளிர்ந்து தண்ணீராக விடும். கோத்தகிரித் தம்பியின் மெஷினில் நடந்தது இதுதான்.

ஆகவே, தொழிலாக எடுத்து நடத்துகிறவர் 5 எச்.பி., இரண்டு ஸ்டேஜ் கம்ப்ரசருக்கும் த்ரீ ஃபேஸ் கரன்ட்டுக்கும் ஏற்பாடு செய்துகொண்டு ஏர் சாண்டர் வாங்குங்கள். கையில் எடை இல்லை, நாள் முழுக்க ஓட்டினாலும் எரிந்துபோக உள்ளே மோட்டார் இல்லை, ஈரத் தரையில் நின்றாலும் ஷாக் பயம் இல்லை. அருமையான சாமான். ஆனால் வீட்டில் தாத்தா காலத்துக் கட்டிலையும் நான்கு நாற்காலியையும் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: தயவுசெய்து ஏர் சாண்டர் வாங்காதீர்கள். வீட்டு பிளக்கில் ஓடும் 125 மி.மீ. எலக்ட்ரிக் ரேண்டம் ஆர்பிட் சாண்டர் உங்களுக்குப் போதும். வியாபாரம் போகிறதே என்று நினைக்காமல்தான் சொல்கிறேன்.

வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது ஆர்பிட் அளவு, அதாவது பேட் சுற்றும்போது ஆடும் சின்ன வட்டத்தின் அளவு. 5 மி.மீ. ஆர்பிட் பழைய வார்னிஷை வேகமாக எடுக்கும், 2.5 மி.மீ. கடைசித் தேய்ப்புக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 5 வாங்கிக்கொண்டு, கடைசி 180, 220 நம்பர் உப்புத்தாளை நிதானமாக ஓட்டுங்கள். ஆர்பிட் அளவே எழுதாத மெஷினை அப்படியே கடையில் வைத்துவிட்டு வாருங்கள். தகடு செட், பேரிங், பேட் தனியாகக் கிடைக்குமா என்று பில் போடுவதற்கு முன்னால் கேளுங்கள். பேட் மாற்றும்போது அதே எடை உள்ள பேட்தான் வேண்டும். உள்ளே இருக்கும் எதிர்எடை அந்தப் பேட்டுக்கு ஈடாக வைத்தது. கனமான பேட் போட்டுவிட்டுக் கை மரத்துப்போகிறது என்றால் நான் என்ன செய்ய?

ஹோஸ் உள்விட்டம் 10 மி.மீ. இருக்கட்டும். அந்த நீலக் கலர் சுருள் ஹோஸ் தூசி ஊதத்தான் லாயக்கு.

இனி ஈரம். "நம்ம ஊர்ல மூடுபனி, அதான் லைன்ல தண்ணி" என்பார்கள். பாதிதான் சரி. சென்னைக் காற்றில் இதைவிட அதிகம் நீராவி இருக்கிறது, சூடான காற்று அவ்வளவு தாங்கும். வித்தியாசம் என்னவென்றால், அங்கே மெஷினை எடுத்து வைத்தால் காய்ந்துவிடும். இங்கே காயாது. ஆடியில் கூடலூர், நடுவட்டம் பக்கமும் ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் கதவில் மாட்டிய துண்டே வாரக்கணக்கில் ஈரமாகத் தொங்கும். பிறகு சாண்டருக்குள் நின்ற சொட்டுத் தண்ணீர் எங்கே போகும்? வெள்ளிக்கிழமை ஈரத்தோடு வைத்த மெஷினைத் திங்கட்கிழமை எடுத்தால் பேரிங் கரகரவென்கும்.

டேங்க் அடியில் இருக்கும் டிரெயின் வால்வைத் தினமும் திறங்கள். தினமும் என்றால் தினமும். அந்தத் தண்ணீர் மெஷினை மட்டுமில்லை, டேங்கின் அடித்தகட்டையும் உள்ளிருந்து அரிக்கிறது. மெலிந்த டேங்க் ஒருநாள் வெடிக்கும், அதற்கப்புறம் சாண்டர் பற்றிப் பேச ஆளிருக்காது. தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டரை கம்ப்ரசர் வாயிலேயே மாட்டாதீர்கள். அங்கே காற்று சூடாக இருக்கும், நீர் ஆவியாக ஃபில்டரைத் தாண்டிப் போய்விடும். சில மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் காற்றை ஆறவிட்டு, பைப்பை லேசாகச் சாய்த்து, கடைசியில் தண்ணீர் இறங்க ஒரு குழாயும் வால்வும் வைத்து, ஹோஸ் தொடங்கும் இடத்தில் ஃபில்டர் போடுங்கள். ஹோஸுக்கான கிளையைப் பைப்பின் மேல்பக்கத்திலிருந்து எடுங்கள். பி.வி.சி. பைப்பில் காற்று லைன் இழுத்திருப்பவர்கள் இதைப் படித்து முடித்ததும் கழற்றுங்கள். அது ஓட்டை விழாது, சிதறும். அந்தச் சில்லு கண்ணைத் தேடித்தான் வரும்.

எண்ணெய் விஷயத்தில் நான் பார்க்காதது இல்லை. லாரி என்ஜின் ஆயில் ஊற்றியவர் உண்டு, அது மரத்தூளோடு சேர்ந்து பசையாகித் தகடுகளைப் பிடித்துவிட்டது. ஒருவர் மார்கழியில் தேங்காய் எண்ணெய் ஊற்றியிருந்தார். பாட்டிலில் உறைந்து கிடப்பதைத் தினம் காலையில் வெந்நீரில் வைத்து உருக்கித் தலைக்குத் தேய்க்கிறவருக்கு, மெஷினுக்குள்ளும் அது உறையும் என்று ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஏர் டூல் ஆயில் என்றே மெல்லியதாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். வேலை தொடங்கும்போது காற்று நுழையும் வாயில் இரண்டு மூன்று சொட்டு, வேலை முடிந்ததும் மறுபடி இரண்டு மூன்று சொட்டு. இரண்டாவதுதான் முக்கியம், ராத்திரி முழுக்கத் துருவிலிருந்து காப்பது அதுதான். சொட்டு விட்டதும் பழந்துணிக்கு நேராகப் பிடித்துக் கொஞ்சநேரம் ஓட்டுங்கள், மிச்ச எண்ணெய் துணியில் தெறித்துவிடட்டும். மேஜைமேல் வைத்து ஓட்டாதீர்கள். மரத்தில் விழுந்த எண்ணெய், பாலிஷுக்கு முன் பூசும் சீலர் அடிக்கும்போது வட்ட வட்டமாகப் பிளந்துகொண்டு வரும். இதே காரணத்துக்காகத்தான் தானாக எண்ணெய் விடும் லூப்ரிகேட்டரை பாலிஷ் பட்டறையில் மாட்டவேண்டாம் என்கிறேன். அந்த ஹோஸில் அப்புறம் ஸ்பிரே கன்னை மாட்டவே முடியாது.

பங்களாச் சாமான்களில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. பழைய ஈட்டி (ரோஸ்வுட்), தேக்கு மரச் சாமான்களில் பெரும்பாலும் அரக்கு பாலிஷ்தான் இருக்கும். மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த துணியை வைத்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் அரக்கு. அதை ஸ்பிரிட்டிலேயே கரைத்துத் துடைத்தெடுத்துவிட்டு அப்புறம் சாண்டரைத் தொடுங்கள். நேரடியாகத் தேய்த்தால் சூட்டில் இளகி உப்புத்தாளை அடைத்துக்கொள்ளும், தாள் செலவுதான் மிஞ்சும். ஸ்பிரிட் டப்பாவை மூடி, துணியையும் வெளியே போட்டுவிட்டு மெஷினை எடுங்கள்.

பழைய பெயின்ட் அடித்த அலமாரி, ஜன்னல் என்றால் சாண்டரே வேண்டாம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். அதை நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றில் பொடியாக்கிப் பறக்கவிட்டால், அந்த வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குள் போகும். பெயின்ட் ரிமூவர் போட்டு, ஈரத்தோடு சுரண்டி எடுங்கள். ஈட்டித்தூள் சிலருக்குத் தோலில் தடிப்பும் மூச்சிரைப்பும் கொண்டுவரும். மரத்தூள் பொதுவாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. கைக்குட்டை கட்டினால் போதாது, என்95 மாஸ்க் போடுங்கள். தூசி உறிஞ்சும் வசதி உள்ள மாடலாக வாங்கி, உறிஞ்சியையும் மாட்டுங்கள். வாங்கிவிட்டு அந்தக் குழாயைப் பரணில் போட்டு வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

இத்தனைக்கும் பிறகு மெஷின் நின்றுவிட்டால் ஒரு வேண்டுகோள். பிளையர் போட்டுத் திறக்காதீர்கள், பேட்டைச் சுவரில் தட்டாதீர்கள். காற்று வாயில் நாலைந்து சொட்டு ஏர் டூல் ஆயில் விட்டு, ஹோஸைக் கழற்றிய நிலையில் பேட்டைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாகத் திருப்பி, ராத்திரி முழுக்க அப்படியே வையுங்கள். லேசான துரு என்றால் காலையில் விட்டுக்கொடுத்துவிடும். கொடுக்கவில்லையா, முழுசாக அப்படியே கொண்டுவாருங்கள். கழற்றிய சாமான்களைக் கவரில் போட்டுக் கொண்டுவந்து "அண்ணா, ஒரு சின்ன சாவி மாதிரி ஒண்ணு எங்கேயோ விழுந்துடுச்சு" என்றால், அதற்கு கோயம்புத்தூருக்குச் சொல்லிவிட்டு பஸ்ஸில் வரும்வரை இரண்டு பேரும் காத்திருக்க வேண்டியதுதான்.