ஒரே ஹார்மோன், வயதுக்கொரு வேலை

விரைகளை அகற்றிய சேவல் கூவாது, சண்டைக்கும் நிற்காது. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்தோல்ட், அகற்றிய விரையை அதன் வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்தார். பழைய நரம்புத் தொடர்பு இல்லாமலேயே சேவல் மறுபடி கூவியது. ரத்தத்தில் ஏதோ கலந்து உடலெங்கும் போகிறது என்பது அப்போது புரிந்தது. அந்த 'ஏதோ'தான் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். அதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைக்க 1935 வரை ஆனது.

எனக்கு இதைவிட வியப்பானது 1959இல் நடந்த ஆய்வு. சினையாக இருந்த கினிப்பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்த பிறகும் பெண்ணுக்குரிய இணைசேரும் நடத்தையைச் சரியாகக் காட்டவில்லை. வளர்ந்த பெண் விலங்குக்கு அதே ஹார்மோனைக் கொடுத்தால் இப்படி நிலைத்த மாற்றம் வரவில்லை. ஆக, கருவில் அது மூளையை வடிவமைக்கிறது. பின்னாளில் அந்த வடிவத்தை இயக்குகிறது.

மனிதக் கருவில் ஏறக்குறைய 8வது வாரத்தில் விரைகள் இதைச் சுரக்கத் தொடங்குகின்றன. பிறந்த சில மாதங்களிலும் ஆண் குழந்தைகளுக்கு ஒருமுறை அளவு ஏறி இறங்கும். மரபணுக் குறையால் கருவிலேயே ஆண்ட்ரோஜன் (டெஸ்டோஸ்டிரோன் வகை ஹார்மோன்கள்) மிகுந்துவிட்ட பெண் குழந்தைகள், சராசரியாகப் பார்த்தால், பொம்மைக் கார்களை அதிகம் விரும்புகிறார்கள். தனி ஒரு குழந்தையைப் பற்றி இதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது.

எலியின் மூளையில் இன்னொரு திருப்பம். அங்கே அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ராடயாலாக மாற்றிவிடுகிறது. 'பெண் ஹார்மோன்' என்று நாம் சொல்லும் அதுதான் ஆண் எலியின் மூளையைப் பெருமளவு செதுக்குகிறது! மனிதரில் டெஸ்டோஸ்டிரோன் நேரடியாகப் பற்றிக்கொள்ளும் ஆண்ட்ரோஜன் ஏற்பிகளின் பங்குதான் பெரிதாகத் தெரிகிறது.

சரி, வளர்ந்தபின் டெஸ்டோஸ்டிரோன் ஆளைக் கோபக்காரராக்குமா? அந்தத் தொடர்பு பலரும் நினைப்பதைவிட மெலிதானது. தவிர, நடத்தையும் ஹார்மோனை மாற்றும். பிலிப்பைன்ஸில் இளைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியான ஆய்வில், தந்தையானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் நன்றாகக் குறைந்திருந்தது. குழந்தையைத் தினமும் கூடுதல் நேரம் பார்த்துக்கொண்டவர்களிடம் அளவு இன்னும் குறைவு.

பெண்களின் சூலகமும் அட்ரினல் சுரப்பியும் ஆண்ட்ரோஜன்களைச் சுரக்கின்றன. இருபதுகளுக்குப் பின் அவை மெல்லக் குறைகின்றன. ஆண்களுக்கும் நடுவயதிலிருந்து சரிவு மெதுவாகத்தான். அந்தச் சரிவை ஈடுகட்டினால் மறதி போகுமா என்று, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த 65 வயதைக் கடந்த ஆண்களுக்கு ஓராண்டு ஜெல்லாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது: நினைவாற்றல் கூடவில்லை.