இல்லாத தீர்ப்பை எந்த நூலகமும் தேடித் தர முடியாது

மே மாதம் பிறந்தால் சட்டக் கல்லூரி நூலகத்துக்கு ஒரே அச்சில் வார்த்த மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். "சீனியர் கேட்டிருக்கிறார், கீழே உள்ள தீர்ப்புகள் நாளைக் காலைக்குள் வேண்டும், எங்கே தேடியும் கிடைக்கவில்லை." கிடைக்காதுதான். பட்டியலில் பாதித் தீர்ப்புகளை எந்த நீதிபதியும் எழுதவில்லை. சாட்ஜிபிடியிடமோ அதன் பங்காளிகளிடமோ கேட்டு வாங்கி, அப்படியே நூலகத்துக்குத் தள்ளிவிட்ட பட்டியல் அது. காசு கட்டினால்தான் திறக்கும் தளத்தில் ஒளிந்திருக்கும் என்று, வழக்கறிஞர் ஒருவரிடம் (அவர்தான் "சீனியர்") இன்டர்னாகப் போயிருக்கும் மாணவர் நம்புகிறார். இந்தக் கோடையிலும் அது குறைந்தபாடில்லை.

கோடையில் ஏன் இவ்வளவு நெரிசல் என்பது தெரிந்ததுதான். பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். அதிலும் ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. ஆகவே எல்லோரும் மே, ஜூனில்தான் ஆபீஸ்களில் போய்ச் சேர்கிறார்கள். அதே மே மாதத்தில் உயர் நீதிமன்றத்துக்கு விடுமுறை. சீனியருக்குப் பழைய கட்டுகளைப் பிரித்துப் படிக்க நேரம் கிடைக்கிறது. "இதுக்குக் கேஸ் லா எடுத்துட்டு வா", அதாவது இதற்குப் பொருந்தும் பழைய தீர்ப்புகளைத் தேடி வா என்ற வேலை இன்டர்ன் தலையில் விழுகிறது. நூலகத்திலோ பாதி ஊழியர்கள் விடுப்பில். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் குறுக்குவழி தேடத் தோன்றுகிறது.

சாட்பாட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தவறான எண்ணம் இங்கேதான் வேரோடியிருக்கிறது. அது எதையோ "தேடி எடுத்து" தருகிறது என்று நினைக்கிறீர்கள். தீர்ப்பு என்றால் பார்வைக்கு எப்படி இருக்குமோ அப்படி ஒன்றை எழுதித் தருவதுதான் அதன் வேலை. இணையத்தில் தேடும் வசதியை இணைத்துக்கொண்டவைகூட, கிடைத்ததைச் சுருக்கும்போது சில நேரம் இட்டுக்கட்டுகின்றன. அதனால்தான் அடைப்புக்குறிக்குள் ஆண்டு, தொகுதி எண், எஸ்சிசி என்ற தீர்ப்புத் தொகுப்பின் பெயர், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். வழக்கு மட்டும் இருக்காது.

பிழைகள் மூன்று வகையாக வருகின்றன. முதல் வகையில் வழக்கே கற்பனை. "தமிழ்நாடு அரசு எதிர் முருகன்" என்பது போல யாருக்கும் பொருந்தும் பெயர் இருந்தால் முதல் சந்தேகம் அங்கேயே வரவேண்டும். இரண்டாவது வகையில் பெயர் உண்மை, சைட்டேஷன் (எந்தத் தொகுப்பில், எந்தப் பக்கத்தில் என்று காட்டும் குறிப்பு) வேறு வழக்கினுடையது. மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: பெயரும் உண்மை, சைட்டேஷனும் உண்மை, ஆனால் தீர்ப்பில் சொன்னதாகச் சொல்லும் விஷயம் அதில் இல்லை. சில நேரம் நேர் எதிராகவே இருக்கும். முதல் இரண்டையும் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். மூன்றாவதைப் பிடிக்கத் தீர்ப்பைப் படித்தாக வேண்டும், வேறு வழி கிடையாது.

"சாட்பாட்டையே திருப்பிக் கேட்டேன், உண்மையான வழக்குதான் என்று சொன்னது" என்கிறவர்கள், 2023 ஜூனில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் மேட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில் பிறப்பித்த உத்தரவைப் படியுங்கள். சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளைக் காட்டிய வழக்கறிஞர் அங்கேயும் இதே கேள்வியைத்தான் அதனிடம் கேட்டார். உண்மையானதுதான், பெரிய சட்டத் தரவுத்தளங்களிலேயே இருக்கிறது என்று பதில் வந்தது. முடிவில் 5,000 டாலர் அபராதம். பொய் சாட்சியையே கூப்பிட்டு அவனுடைய நாணயத்துக்கும் சாட்சி சொல்லச் சொன்ன கதை.

ஒரு சைட்டேஷனைச் சோதிக்கும் முறை இதுதான். மேனகா காந்தி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: (1978) 1 எஸ்சிசி 248. ஆண்டு, அந்த ஆண்டின் முதல் தொகுதி, தீர்ப்பு தொடங்கும் பக்கம். அதே தீர்ப்பு ஏஐஆர் என்ற இன்னொரு தொகுப்பில் ஏஐஆர் 1978 எஸ்சி 597. முதலில் வழக்கின் தரப்பினர் பெயரை மட்டும் போட்டுத் தேடுங்கள், பிறகு சைட்டேஷனை மட்டும் போட்டுத் தேடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். அச்சுத் தொகுதி கையில் இருந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வேறொரு தீர்ப்பின் நடுப்பக்கமாக இருந்தால் ஆட்டம் முடிந்தது. நீதிபதிகள் பெயரையும் பாருங்கள். ஓய்வு பெற்றுப்போனவர் தீர்ப்பு எழுதியதாக இருந்தால் மேற்கொண்டு தேடவே வேண்டாம்.

இதற்குக் காசு தேவையில்லை. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தொகுப்பான எஸ்சிஆர், 2023 முதல் இ-எஸ்சிஆர் என்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதே ஆண்டு வந்த நடுநிலை சைட்டேஷனும் (ஆண்டு, ஐஎன்எஸ்சி, எண்) எந்தப் பதிப்பகத்தையும் சாராதது. அது தெரிந்தால் உங்கள் குறிப்பில் முதலில் அதைப் போடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: எஸ்சிஆரில் அச்சேறிய தீர்ப்புகள்தான் இ-எஸ்சிஆரில் இருக்கும். அச்சேறாதவற்றை உச்ச நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு எண்ணை வைத்துத் தேட வேண்டும். உயர் நீதிமன்ற, மாவட்ட நீதிமன்ற உத்தரவுகளுக்கு இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சிஎன்ஆர் எண் இருந்தால் வேலை சுலபம். ஆபீஸ் குமாஸ்தாவிடம் மரியாதையாகக் கேளுங்கள், அவர் டைரியில் இருக்கும்.

தீர்ப்புகளைத் தேடும் இந்தியன் கானூன் தளம் 2008 முதல் இருக்கிறது, இலவசம், நல்லது. ஆனால் அங்கே "ஆண்ட்" என்று போட்டால் அது தேடல் கட்டளை ஆகாது. கடைசி எழுத்தை இரட்டித்து, கொட்டை எழுத்தில் போட வேண்டும். "ஆர்", "நாட்" இரண்டுக்கும் அப்படியே. இது தெரியாமல் ஆயிரக்கணக்கில் முடிவுகள் வந்து கொட்ட, முதல் பக்கத்தில் கிடைத்ததைப் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், நீதிமன்றத்தை வடிகட்டுங்கள், தேதி வரிசையை மாற்றுங்கள்.

தீர்ப்பு உண்மையானது என்று தெரிந்துவிட்டது. அது இன்னும் உயிரோடு இருக்கிறதா? இலவசத் தளத்தில் ஒரு தீர்ப்பு கிடைக்கிறது என்பதற்கும் அது இன்றும் சட்டம் என்பதற்கும் சம்பந்தமில்லை. ரத்தான தீர்ப்பின் நெற்றியில் யாரும் முத்திரை குத்தி வைப்பதில்லை. தடையுத்தரவு ஆறு மாதத்தில் தானாகக் காலாவதியாகும் என்ற ஏஷியன் ரீசர்ஃபேசிங் (2018) தீர்ப்பை இன்னமும் மெமோவில் பார்க்க முடிகிறது. ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரி 29 அன்றே அதை ஒதுக்கித் தள்ளிவிட்டது. மின்னணு ஆவணத்துக்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்கும் சான்றிதழ் இன்னொரு வலை. 2014-இல் அன்வர் வழக்கில் மூன்று நீதிபதிகள் சான்றிதழ் கட்டாயம் என்றார்கள். 2018-இல் ஷஃபி முகமது வழக்கில் இரண்டு நீதிபதிகள் தளர்த்தினார்கள். 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அந்தத் தளர்வைத் தவறென்று சொல்லி, மூல ஆவணத்தையே தாக்கல் செய்தாலொழிய சான்றிதழ் வேண்டும் என்று முடித்தார்கள். 2018-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போகும் இன்டர்ன், சீனியரை எதிர்த்தரப்பு வக்கீலிடம் மாட்டிவிடுகிறார்.

எனவே எடுத்த ஒவ்வொரு தீர்ப்புக்கும், பின்னால் அதை மேற்கோள் காட்டிய தீர்ப்புகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். உச்ச நீதிமன்றத்தை மட்டும் வடிகட்டிப் புதியதிலிருந்து பழையதுக்கு வாருங்கள். மேற்கோள் காட்டிய இடத்தில் முன்னும் பின்னும் ஒரு பத்தி படித்தால் போதும்: பின்பற்றினார்களா, இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று வேறுபடுத்தினார்களா, தவறான தீர்ப்பு என்று ஓவர்ரூல் செய்தார்களா என்று தெரிந்துவிடும். வேறுபடுத்தினால் தீர்ப்பு செத்துவிட்டதாக எழுதாதீர்கள். உங்கள் வழக்கின் சங்கதிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதுதான் அங்கே கேள்வி. அமர்வில் எத்தனை நீதிபதிகள் என்பதைச் சைட்டேஷன் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். சீனியர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் அதுதான்.

குற்றவியல் பக்கம் போனவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1 முதல் தண்டனை, நடைமுறை, சாட்சியம் என்று மூன்று சட்டங்களும் மாறிவிட்டன. பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அதாவது குவாஷ் (வழக்கையே ரத்து செய்வது). புதிய நடைமுறைச் சட்டமான சன்ஹிதாவில் 482 என்றால் முன்ஜாமீன், குவாஷுக்கு 528. எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் முன்ஜாமீன் தீர்ப்பும் குவாஷ் தீர்ப்பும் ஒன்றாகக் கலந்து வரும், சட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். கொலைக்கான 302 இப்போது 103, மோசடிக்கான 420 இப்போது 318(4), 65பி இப்போது புதிய சாட்சியச் சட்டமான சாட்சிய அதினியத்தில் 63; அதற்கு அட்டவணையில் படிவமே உண்டு, பகுதி ஏ-யைத் தரப்பினரும் பகுதி பி-யை நிபுணரும் நிரப்ப வேண்டும். சம்பவத் தேதி ஜூலை 1-க்கு முந்தையது என்றால் குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். சம்பவத் தேதி இல்லாமல் "302-க்குத் தீர்ப்பு வேண்டும்" என்று எழுதினால் நூலகர் என்ன செய்வார்?

சிவில் பக்கத்தில் சறுக்குவது மாநிலத் திருத்தங்களில். இந்து திருமணச் சட்டத்தின் மத்திய பேர் ஆக்ட்டை (உரை இல்லாத சட்டப் பாடம்) மட்டும் படித்தால் சுயமரியாதைத் திருமணங்களுக்கான 7ஏ கண்ணில் படாமலே போகும். 1967-இல் தமிழ்நாடு சேர்த்த பிரிவு அது. குடும்பச் சொத்தில் மகள்களின் பாகத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தையும் 2020 வினீதா சர்மா தீர்ப்பையும் சொல்கிறீர்கள், சரி. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தத்தை யார் சொல்வது? வாடகை வழக்கில் "வில்ஃபுல் டிஃபால்ட்" (வேண்டுமென்றே வாடகை பாக்கி வைப்பது) என்று தேடி 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் தீர்ப்புகளாக அள்ளி வருகிறார்கள். புதிய 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்து அந்தச் சட்டத்தை அனுப்பிவைத்துவிட்டது.

படிக்கும்போது நடக்கும் பிழைகளில் அதிகம் பார்ப்பது, வக்கீலின் வாதத்தை நீதிமன்றத்தின் கருத்தாக வெட்டி ஒட்டுவது. அழகான பத்தி, உங்களுக்குச் சாதகமான பத்தி. இரண்டு பக்கம் முன்னால் போனால் "மனுதாரர் தரப்பில் வாதிடப்பட்டதாவது" என்று தொடங்கியிருக்கும். மூன்று பக்கம் பின்னால் போனால் நீதிமன்றம் அதை நிராகரித்திருக்கும். தீர்ப்பின் தலைப்பில் வரும் சுருக்கமான ஹெட்நோட் பதிப்பாசிரியர் எழுதுவது, தீர்ப்பின் பகுதி ஆகாது. அதிலிருந்து ஒரு வரிகூட மேற்கோள் காட்டாதீர்கள், பத்தி எண்ணைத்தான் காட்ட வேண்டும். மாறுபட்ட தீர்ப்பிலிருந்து எடுத்தால் மாறுபட்ட தீர்ப்பு என்று எழுதிவிடுங்கள். கேசவானந்த பாரதி, நீதிபதிகள் 7-க்கு 6 என்று பிரிந்து முடிந்த வழக்கு. தோற்ற பக்கத்திலும் நிறைய நல்ல வரிகள் இருக்கின்றன.

இதெல்லாம் தரவுத்தளத்தில் தொடங்குவதால் வருகிற வினை. முதலில் சட்டப்பிரிவு, திருத்தங்களோடு. அடுத்து அலமாரியிலிருந்து ஒரு நல்ல கமெண்டரி (சட்ட விளக்க நூல்); அந்தப் பிரிவில் எந்தக் கேள்விகள் ஏற்கெனவே தீர்ந்தவை, எவை இழுபறி என்று அரை மணியில் தெரியும். பிறகுதான் கணினி. சொத்துரிமை, தத்து போன்ற பழைய விவகாரம் என்றால் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போக வேண்டியிருக்கும். ராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கு 1868-இல் முடிந்தது, 12 எம்ஐஏ (அதன் பழைய தீர்ப்புத் தொகுப்பு) 397. நூலகத்தின் பின்வரிசையில் தோல் அட்டைத் தொகுதிகளாக இருப்பவை அலங்காரத்துக்கு வைத்தவை என்று நினைக்க வேண்டாம். ஐஎல்ஆர் மெட்ராஸ், எம்எல்ஜே போன்ற பழைய தீர்ப்புத் தொகுப்புகள் எல்லாம் அங்கேதான். ஏஐஆர் 1914-இல்தான் தொடங்குகிறது, அதற்கு முன்னால் உள்ளதை அதில் தேடிக்கொண்டு உட்காராதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு சிக்கினால் தயங்காமல் கேளுங்கள், அதற்குத்தான் நூலகர் இருக்கிறார். ஆனால் கேட்கும் விதம் ஒன்று உண்டு. சட்டக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எந்த நீதிமன்றம், எந்தக் கட்டம் (ஜாமீனா, விசாரணையா, மேல்முறையீடா), சம்பவத் தேதி, நீங்கள் யார் பக்கம் என்று சொல்லுங்கள். எங்கெங்கே, எந்தச் சொற்களைப் போட்டுத் தேடினீர்கள் என்பதை மறக்காமல் எழுதுங்கள், இல்லையென்றால் அதே தேடலை நூலகர் மறுபடி செய்துகொண்டிருப்பார். சைட்டேஷன் சாட்பாட்டில் வந்தது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். திட்டு விழாது, தேடும் முறைதான் மாறும்.

கட்சிக்காரர் பெயர், முகவரி, வக்காலத்து, எஃப்ஐஆர் நகல் எதையும் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதீர்கள் தம்பி. சாட்பாட்டில் ஒட்டவும் செய்யாதீர்கள். அது உங்கள் சீனியரை நம்பி ஒருவர் கொடுத்த கட்டு. நூலகருக்கு அதைப் பார்க்க உரிமை இல்லை, தேவையும் இல்லை. "வாடகைதாரர், எழுத்து ஒப்பந்தம் இல்லை, 2021 முதல் பாக்கி" என்றால் போதும்.

விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் முன்பே தொலைவிலிருந்து நுழையும் வசதி உங்கள் கணக்குக்கு வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பல தரவுத்தளங்கள் கல்லூரி வளாக இணைப்பில் மட்டுமே திறக்கும். கல்லூரிக் கணக்கு பெரும்பாலும் படிப்புக்காக மட்டும் தரப்படுவது. சீனியர் ஆபீஸில் எல்லோருக்கும் பாஸ்வேர்டைக் கொடுத்தாலோ, ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் தீர்ப்புகளை இறக்கினாலோ பதிப்பகம் கல்லூரியின் மொத்த இணைப்பையும் முடக்கிவிடும். அதைத் திறக்க வைக்க நடக்கும் கடிதப் போக்குவரத்துக்குள் உங்கள் நான்கு வார இன்டர்ன்ஷிப்பே முடிந்துபோயிருக்கும். சீனியர் ஆபீஸில் சந்தா இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன இலவசத் தளங்களும், நேரில் வர முடிந்தால் எங்கள் அலமாரியும் இருக்கின்றன. கோடையில் நூலக நேரம் குறைவு, போன் செய்துவிட்டு வாருங்கள்.